கல்வராயன் மலையடிவாரத்தில் கிடை போடுதல்

கிடை போடுதல் என்பது அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டு மந்தையையோ மாட்டு மந்தையையோ இரவில் அடைத்து, அவற்றின் புழுக்கையும் சாணமும் மூத்திரமும் நேரடியாக மண்ணில் சேரும்படி செய்யும் எருவிடும் முறை. பட்டி போடுதல் என்றும் அழைக்கப்படுகிறது. மந்தை பகலில் தரிசு, ஏரிக்கரை, காட்டோரம், அறுவடைத் தாள் ஆகியவற்றில் மேயும். மாலையில் கிடைக்கு உரிய வயலுக்குத் திரும்பும். அடுத்த நாள் தட்டியோ வலையோ சற்றுத் தள்ளி நடப்படும். நிலத்துக்காரர் கிடைக்காரருக்கு நெல்லாகவோ பணமாகவோ கூலி தருவார். ராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிக் கீதாரிகள் காவிரிப் படுகை வரை மந்தை ஓட்டிச் செல்வது பரவலாக அறியப்பட்டது. கள்ளக்குறிச்சிச் சமவெளியின் கிடை அந்த அளவு எழுதப்படவில்லை.

தழைச்சத்தின் கணக்கு

கிடை தழைச்சத்தை (நைட்ரஜனை) உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. இதை மறந்துவிட்டால் அதன் வரலாறு புரியாது. ஆடு தின்னும் புல்லிலுள்ள தழைச்சத்தில் சிறு பங்கே இறைச்சியாகவும் பாலாகவும் உரோமமாகவும் தங்குகிறது. மீதி வெளியேறிவிடும். ஓர் ஆடு நாளொன்றுக்கு ஒரு கிலோ உலர்தீவனம் தின்கிறது, அதில் 8 சதவீதம் புரதம் என்று கொண்டால், உட்செல்லும் தழைச்சத்து ஏறத்தாழ 13 கிராம். அதில் 10 கிராம் வெளியேறி, பாதி இரவில் விழுந்தால் 5 கிராம். முந்நூறு ஆடுகள் ஓர் இரவில் ஒன்றரைக் கிலோ தழைச்சத்தைத் தரும். இது மூன்று கிலோவுக்குச் சற்று மேற்பட்ட யூரியாவுக்குச் சமம். பத்து இரவு ஒரே ஏக்கரில் கிடை போட்டால் முக்கால் மூட்டை யூரியா அளவு சேரும்.

முழுவதும் பயிருக்குக் கிடைக்காது. மூத்திரத்தில் உள்ள யூரியா மண்ணில் சில நாட்களில் அம்மோனியாவாக மாறிக் காற்றில் கலந்துவிடும். அதனால்தான் கிடை எடுத்தவுடன் மேலாக உழுது மூடுகிறார்கள். கொட்டகையில் அடைத்த ஆட்டின் புழுக்கையை மட்டும் கூட்டி அள்ளினால் மூத்திரம் வீணாகிறது. கிடையில் அதுவும் நிலத்தில் இறங்குகிறது. ஆட்டெரு அந்த ஆண்டே பலன் தரும், மாட்டெரு அடுத்த ஆண்டுதான் என்று உழவர்கள் சொல்வதற்கும் காரணம் உண்டு. ஆட்டெருவில் தழைச்சத்து சுமார் 3 சதவீதம், தொழுவுரத்தில் அரை சதவீதம். ராஜஸ்தானின் ரைக்கா மக்கள் ஆடுகளோடு ஒட்டகங்களையும் வளர்ப்பவர்கள். ஆனால் தீவனத்தில் புரதம் குறையும்போது ஒட்டகம் யூரியாவை மூத்திரத்தில் விடாமல் தன் இரைப்பைக்கே திருப்பிக்கொள்ளும் என்பதை 1957இல் வெளிவந்த ஷ்மிட்-நீல்சன் குழுவினரின் ஆய்வு காட்டியது. எருவுக்கு அது அவ்வளவு தாராளமான விலங்கு அல்ல.

கிடைக்கு இன்னொரு பயனும் இருந்தது. 1889இல் இந்தியா வந்து 1893இல் அறிக்கை வெளியிட்ட வேளாண் வேதியியலாளர் ஜான் அகஸ்டஸ் வோல்கர், விறகில்லாத ஊர்களில் சாணம் வறட்டியாகி அடுப்பில் எரிவதைச் சுட்டிக்காட்டினார். உழுது மூடிய கிடை எரு அடுப்புக்குப் போகாது.

மேய்ச்சல் யாருடையது

நடுநாட்டில் பெருமந்தைகள் பழையவை. சோழர் காலக் கோயில்களில் நந்தாவிளக்கு எரிக்கச் ‘சாவா மூவாப் பேராடுகள்’ கொடையாக விடப்பட்டன. பெரும்பாலும் ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள். இக்கொடைகளில் பேசப்படுவது நெய்தான். அவற்றின் எரு எந்த வயலில் விழுந்தது என்று கல்லில் வெட்ட யாருக்கும் தோன்றவில்லை போலும்.

கல்வராயன் மலையில் சடையகவுண்டன், குறும்பகவுண்டன், ஆரியகவுண்டன் ஆகிய ஜாகீர்களின் கீழ் மலையாளி மக்கள் வாழ்ந்தனர். ஜாகீர் முறை 1976இல் முடிவுக்கு வந்தது. மலையில் புனக்காடு எரித்துச் சாமை, தினை, கேழ்வரகு விதைக்கும் வழக்கம் இருந்தது. எரிக்கும்போது சாம்பலில் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் தங்கும். தழைச்சத்தின் பெரும்பகுதி புகையோடு போய்விடும். அதனால் புனத்தைச் சில ஆண்டுகளில் கைவிட வேண்டியிருந்தது. கீழே தென்னார்க்காட்டு ரயத்துவாரி ஊர்களில் ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் உழுதார்கள். அங்கே வெளியிலிருந்து சத்து வந்தாக வேண்டும். மேய்க்கால் புறம்போக்கும் மந்தைவெளியும் காட்டோரமும் அதைத் தந்தன.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்துக்குப் பின் காப்புக்காடுகளில் மேய்ச்சல் அனுமதிச் சீட்டுக்கும் கட்டணத்துக்கும் உட்பட்டது. வெள்ளாட்டுக்குக் கட்டுப்பாடு கூடுதல். இதைக் காடு காக்கும் நடவடிக்கையாக மட்டும் பார்ப்பது போதாது. வயலுக்குச் சத்து வரும் வழியும் அதனால் குறுகியது. ஊர்ப் புறம்போக்குகள் பின்னாளில் பட்டாவாகவும் கட்டடமாகவும் மாறியபோது அவ்வழி மேலும் சுருங்கியது.

யூரியாவும் கரும்பும்

1960களில் அன்றைய தென்னார்க்காட்டு மாவட்டத்தின் நெய்வேலியிலேயே பழுப்பு நிலக்கரியைக் கொண்டு யூரியா தயாரிக்கப்பட்டது. வேதியியலில் அது ஆட்டு மூத்திரத்தில் உள்ள அதே பொருள்தான். அதற்கு மேய்ச்சல் நிலமும் வேண்டாம், இரவுக் காவலும் வேண்டாம். ஆனால் புழுக்கை தரும் கரிமப்பொருள் அதில் இல்லை.

உரத்தைவிடப் பயிர் மாற்றமே கிடையை அதிகம் தள்ளியது என்று கருத இடமுண்டு. கிடைக்கு வெறும் நிலம் தேவை. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயப்பாளையம் கூட்டுறவு ஆலைகளைச் சுற்றிப் பரவிய கரும்பும், சின்னசேலம் பக்கத்து மரவள்ளியும் பத்து மாதமோ அதற்கு மேலோ வயலை விட்டு நகராதவை. மானாவாரிக் கம்பும் சோளமும் வேர்க்கடலையும் விட்ட கோடை இடைவெளியில்தான் மந்தை நுழைய முடிந்தது.

மேய்ச்சல் உரிமை குறித்த வழக்கு இன்னும் ஓயவில்லை. 2022 மார்ச்சில் தமிழகக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலைத் தடைசெய்த சென்னை உயர் நீதிமன்றம், அதே மாதத்தில் தடையைத் தேசியப் பூங்கா, வனவிலங்குச் சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. பிற காட்டோரங்களில் அனுமதிச் சீட்டு முறை தொடர்கிறது.