செபமும் தியானமும்: தங்கவயலிலிருந்து ஒரு பார்வை

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் தியானம் என்ற சொல்லுக்கு வீட்டுக்கு வீடு பொருள் மாறும். கத்தோலிக்கர் "கோவில்ல தியானம் வச்சிருக்காங்க" என்றால் தவக்காலப் பிரசங்க நாட்கள் என்று அர்த்தம். சீர்திருத்த சபையாருக்கு அது வேதாகமத்தில் ஒரு பகுதியை வாசித்துச் சிந்திப்பது. பௌத்தருக்கோ மனத்தை ஒருமுகப்படுத்தும் பயிற்சி. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த இயக்கம் இங்குள்ள சுரங்கத் தொழிலாளரிடையே வேரூன்றியது. ஜி. அப்பாத்துரையார் 1926 முதல் 'தமிழன்' இதழைத் தங்கவயலிலிருந்தே நடத்தினார்.

இன்று நம் பிள்ளைகள் பள்ளியிலும் ஆபீஸிலும் தியான வகுப்புக்குப் போகிறார்கள். "நாம கிறிஸ்தவங்களாச்சே, தியானம் பண்ணலாமா?" என்று வீட்டில் கேள்வி எழுகிறது. பதில் சொல்லச் சரித்திரம் உதவும்.

முதலாம் சங்கீதத்தில் தியானம் என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரேய மூலச்சொல் 'ஹாகா'. வாய்க்குள் முணுமுணுப்பது என்பது அதன் பொருள். ஏசாயா நூலில் சிங்கத்தின் உறுமலுக்கும் புறாவின் முனகலுக்கும் இதே சொல்தான் வருகிறது. 5ஆம் நூற்றாண்டில் ஜான் காசியன், எகிப்தியப் பாலைவனத் துறவிகளிடம் கற்றதை எழுதியபோது, ஒரே சங்கீத வசனத்தை இடைவிடாமல் சொல்லும் முறையை விவரித்தார். நம் மரபில் இதற்குப் பெயர் ஜெபம்! ஆக, கிறிஸ்தவத்தின் பழைய தியானம் நம்ம ஜெபத்துக்கே நெருக்கம். பதஞ்சலியின் எட்டு அங்கங்களில் ஏழாவதான தியானத்தோடு அதை அப்படியே ஒப்பிட முடியாது.

இந்த உறவைப் பிற்காலத்தில் நினைவூட்டியவர் கோலாலம்பூர் சுத்த சமாஜத்தின் சுவாமி சத்தியானந்தா. 1950களில் அவரிடம் மந்திர முறை கற்ற ஜான் மெயின், பிறகு பெனடிக்டின் துறவியானார். அதே முறையைக் காசியனின் நூலில் கண்டு, 1975இல் லண்டனில் தியானக் குழு தொடங்கினார். குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950இல் மோன்சானினும் லெ சோவும் நிறுவிய சாந்திவனமும் இவ்வகை முயற்சியே. லெ சோ அதற்கு முந்தைய ஆண்டிலேயே திருவண்ணாமலையில் ரமணரைத் தரிசித்தவர்.

திருச்சபைக்குத் தயக்கமும் உண்டு. 1989இல் வத்திக்கான் வெளியிட்ட கடிதம், பிற மரபுகளின் நல்ல முறைகளை ஒரேயடியாகத் தள்ளவில்லை. ஆனால் முறையையே கடவுளனுபவம் என்று எண்ணிவிடக் கூடாது என்று எச்சரித்தது.

வேறுபாடு இருப்பது இங்கேதான். உட்காரும் விதமோ மூச்சோ பெரிய விஷயமல்ல. பௌத்தர் ஆசையின் வேரை அறிந்து விடுபட அமர்கிறார். அங்கே படைத்தவன் தேவையில்லை. யோகி மனத்தின் அலைகளை அடக்கித் தன் இயல்பில் நிலைக்க முயல்கிறார். கிறிஸ்தவர் தம்மோடு பேசும் ஒருவருக்குச் செவிசாய்க்கிறார். அவருக்கு மௌனமும் உரையாடலின் ஒரு பகுதி.

ஆகவே பிள்ளைகளிடம் "பண்ணாதே" என்று தடுப்பதைவிட, "யாரை நோக்கி அமர்கிறாய்?" என்று கேட்பதே பொருத்தம். 2001இல் சுரங்கம் மூடிய பின் நம்மவர் பல ஊர்களுக்குச் சிதறினோம். அடுத்த வீட்டுக்காரரின் தியானத்தையும் மதிக்கும் தங்கவயல் பழக்கத்தையாவது நாம் விட்டுவிடாமல் இருப்போமாக.