தலைவர் இல்லாத நாளிலும் நடக்கும் பள்ளி

வெள்ளி விழா மலர்களில் தலைவர்களைப் பாராட்டி எழுதுவது வழக்கம். ஒரு கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் நிலைத்து நிற்கின்றதெனில், அதற்கு உழைத்தவர்களைப் போற்றுவது நம் கடமையே. ஆயினும், தலைமை என்பது யாது, அது எவ்வாறு தோன்றுகின்றது, எப்போது நிலைக்கின்றது, எப்போது தலைவரோடு சேர்ந்து மறைகின்றது என்னும் வினாக்களையும் இந்நன்னாளில் எழுப்பிப் பார்ப்பது பயனுடையது என்று கருதுகிறோம். அறிஞர்கள் கண்ட முடிவுகளையும் நம் மக்களின் கல்வி வரலாற்றையும் அருகருகே வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீர்பாய்ச்சியின் தலைமை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பெரியாறு, கோவிலாறு என்னும் ஓடைகளின் குறுக்கே எழுந்த பிளவக்கல் அணைகள் 1976-இல் கட்டி முடிக்கப்பட்டன. அவை எழுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே வத்திராயிருப்பு, கூமாபட்டி, கான்சாபுரம் ஆகிய ஊர்களின் வயல்கள் கண்மாய்களை நம்பி விளைந்தவை. தென் மாவட்டங்களில் கண்மாய் மடையைத் திறக்கவும் அடைக்கவும், வயலுக்கு வயல் முறைவைத்து நீர் பாய்ச்சவும் பொறுப்பேற்றவரை நீர்பாய்ச்சி என்றும் மடைக்குடும்பன் என்றும் அழைத்தனர். பெரும்பாலும் அவர் நம் மக்களுள் ஒருவராகவே இருந்தார்.

மழை பொய்த்த ஆண்டில் எந்த வயலுக்கு எவ்வளவு நீர் என்று அளந்து விடுவதற்கு அறிவு வேண்டும். நிலவுடைமையாளர் ஒருவர் அதட்டினாலும் அடுத்தவர் பங்கைக் காப்பதற்கு நடுவுநிலைமை வேண்டும். வெள்ளம் வந்த இரவில் கரை உடையாமல் காப்பதற்குத் துணிவு வேண்டும். அறிவு, நடுவுநிலைமை, துணிவு ஆகிய இம்மூன்றும் தலைமைப் பண்புகள் அல்லவா? ஆயினும் அவரை எவரும் தலைவர் என்று அழைத்ததில்லை. களத்தில் அவருக்கு நெல் அளந்தார்கள். ஊர்க்கூட்டத்தில் அமர இடம் அளிக்கவில்லை. ஆகவே நம் மக்களிடையே தலைமை இல்லாதிருந்தது என்பது பிழை. இருந்த தலைமைக்கு ஏற்பு மறுக்கப்பட்டது என்பதே உண்மை. இவ்வுண்மையை மனத்திற்கொண்டே தலைமை பற்றிய ஆய்வுகளை நாம் அணுகவேண்டும்.

அறிஞர்கள் கண்டவை

தாமஸ் கார்லைல் என்னும் ஸ்காட்லாந்து எழுத்தாளர் 1840-இல் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில், வரலாற்றை ஆக்குவோர் மாமனிதர்களே என்னும் கருத்தை வலியுறுத்தினார். தலைவர் பிறக்கின்றார், ஆக்கப்படுவதில்லை என்பது இக்கொள்கையின் சாரம். பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் சமுதாயத்தில் இக்கொள்கை எவ்வளவு தீங்கு செய்யும் என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை. பிற்காலத்து ஆராய்ச்சியும் அதனைத் தாங்கவில்லை. அமெரிக்க ஆய்வாளர் ரால்ஃப் ஸ்டாக்டில் அதுகாறும் வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி நோக்கி, சில பண்புகளைப் பெற்றிருப்பதனால் மட்டுமே ஒருவர் தலைவராகிவிடுவதில்லை. சூழ்நிலையும் குழுவின் தேவையும் சேர்ந்தே தலைவரை உருவாக்குகின்றன என்று 1948-இல் முடிவுரைத்தார்.

ஜெர்மானியச் சமூகவியலறிஞர் மாக்ஸ் வேபர், மக்கள் ஒருவருக்குக் கீழ்ப்படிவதற்கு மூன்று அடிப்படைகளைக் கண்டார். வழிவழி வந்த மரபு ஒன்று. தனி மனிதரின் ஈர்ப்பாற்றல் மற்றொன்று. சட்டமும் விதியும் வழங்கும் அதிகாரம் மூன்றாவது. ஈர்ப்பாற்றலால் எழுந்த தலைமை அம்மனிதரோடு மறைந்துவிடக்கூடும். அது நிலைக்க வேண்டுமாயின் விதிகளும் அமைப்பும் உடையதாக மாறவேண்டும் என்பது அவர் காட்டிய நுட்பமாகும்.

நமக்கு மிகவும் பயன்படுவது அயோவாப் பல்கலைக்கழகத்தில் கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வொய்ட் ஆகியோர் நிகழ்த்திய ஆய்வு. அதன் முடிவுகள் 1939-இல் வெளிவந்தன. பத்து வயதுச் சிறுவர்களைச் சிறு சிறு குழுக்களாக்கி, முகமூடி செய்தல் போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். ஒரு குழுவின் தலைவர் எல்லாவற்றையும் தாமே கட்டளையிட்டார். மற்றொரு குழுவின் தலைவர் சிறுவர்களோடு கலந்து பேசி முடிவெடுத்தார். வேறொரு குழுவில் தலைவர் எதிலும் தலையிடாது விட்டுவிட்டார். தலைவர் அறையைவிட்டு வெளியே சென்றபோது நிகழ்ந்ததே கருதத்தக்கது. கட்டளையால் நடந்த குழுவில் வேலை பெரிதும் குறைந்தது. கலந்து பேசி நடந்த குழுவில் வேலை ஏறத்தாழ முன்போலவே தொடர்ந்தது. தலைமையை அளக்க இதனினும் எளிய உரைகல் வேறில்லை என்று நாம் துணிந்து கூறலாம். தலைவர் வெளியே சென்ற பின் என்ன நடக்கின்றது? இவ்வுரைகல்லை நம் வரலாற்றின்மீது இனி உரைத்துப் பார்ப்போம்.

நம் முன்னோர் நடந்த வழி

சென்னை மாகாணத்தில் பஞ்சமர் கல்விக்கென அரசு சிறப்பு ஆணை பிறப்பித்தது 1893-இல். அதனை உரிமைச் சாசனம் என்றே அக்காலத்தார் போற்றினர். மறு ஆண்டு, 1894-இல், கர்னல் ஆல்காட் அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி ஒன்றைத் திறந்தார். அவர் 1907-இல் மறைந்தார். பள்ளியோ நூறாண்டு கடந்தும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

ஆயினும் ஆணையும் அறமும் வெளியிலிருந்து வருமுன்னரே நம் மக்கள் விழித்தெழுந்திருந்தார்கள். பண்டிதர் அயோத்திதாசர் 1891-இல் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். இரட்டைமலை சீனிவாசன் 1893-இலேயே ‘பறையன்’ என்னும் இதழை வெளியிட்டார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே இதழின் பெயராக்கி நிமிர்ந்து நின்ற அவரது துணிவு வியக்கத்தக்கது. ஆனால் அவர் 1900-இல் கடல் கடந்து சென்றபோது இதழும் நின்றது. இது அவர்மீது குறை கூறுவதன்று. ஒருவர் தோளிலேயே முழுச் சுமையும் இருந்ததன் விளைவு. மாறாக, அயோத்திதாசர் 1914-இல் மறைந்த பின்னரும் ‘தமிழன்’ முற்றிலும் அழிந்துவிடவில்லை. கோலார் தங்கவயல் தொழிலாளரிடையே பணியாற்றிய அப்பாதுரையார் 1926-இல் அதனை மீண்டும் எழுப்பினார். பண்டிதர் விட்டுச் சென்ற கருத்தைப் பற்றிக்கொள்ள அங்கே ஒரு வாசகர் கூட்டம் இருந்தது.

பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிப் பாடநூல்கள் எழுதியவர் எம். சி. ராஜா. சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெற்ற நம் மக்களின் முதற் பிரதிநிதி அவரே. அருந்ததியர் தலைவர் எல். சி. குருசாமி, பகலில் உழைத்துக் களைத்தவர்களுக்காகச் சென்னையில் இரவுப் பள்ளிகளை நடத்தினார். வேலை முடிந்த பின்னரே நம் மக்களுக்குப் படிக்க நேரம் உண்டு என்னும் எளிய உண்மையைக் கண்டு, அதற்கேற்பப் பள்ளியின் நேரத்தை மாற்றியது சிறந்த தலைமை. சூழ்நிலை தலைவரை உருவாக்குகின்றது என்று ஸ்டாக்டில் எழுதுவதற்கு முன்பே, சூழ்நிலையறிந்து நடத்தல் நம்மவர்க்குக் கைவந்திருந்தது.

நந்தனாரின் பெயரோடு பிணைந்த தில்லையில், 1916-இல், அப்பெயராலேயே கல்விக் கழகமும் பள்ளியும் கண்டவர் சுவாமி சகஜானந்தர். ஆரணிக்கு அருகே எளிய குடும்பத்தில் 1890-இல் பிறந்து துறவு பூண்ட அவர், காவியுடையைக் கல்விக்குக் கருவியாக்கினார். சட்டமன்றத்திலும் அமர்ந்து வாதாடினார். 1959-இல் அவர் மறைந்தார். நந்தனார் பெயரால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே மேல்நிலைப் பள்ளிகள் சிதம்பரத்தில் இன்றும் நடைபெறுகின்றன. தலைவர் வெளியே சென்றார்; வேலை நிற்கவில்லை.

அண்ணல் அம்பேத்கர் இவ்வழியை இன்னும் தெளிவாக வகுத்தவர். 1924-இல் அவர் தோற்றுவித்த பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை மாணவர் விடுதிகளையும் நூலகங்களையும் தன் பணிகளாகக் கொண்டது. 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியும், 1950-இல் ஔரங்காபாத்தில் பின்னர் மிலிந்த் எனப் பெயர் பெற்ற கல்லூரியும் எழுந்தன. ஈர்ப்பாற்றலில் அவருக்கு நிகர் யாருமில்லை. ஆயினும் அதை மட்டும் நம்பி இராமல், சங்கம், கல்லூரி, விதிமுறை என்று வேபர் கூறிய மூன்றாவது அடிப்படையை அவர் தம் கைப்படவே அமைத்துச் சென்றார்.

கருத்து வேறுபாட்டிலும் ஒன்றிய இடம்

நம் தலைவர்கள் எப்போதும் ஒருமித்தே இருந்தார்கள் என்று எழுதுவது வரலாறு ஆகாது. 1932-இல் தனித்தொகுதி பற்றிய போராட்டத்தில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் ஒரு பக்கம் நின்றனர், எம். சி. ராஜா கூட்டுத் தொகுதியை ஆதரித்து மூஞ்சேயுடன் தனி உடன்படிக்கை செய்துகொண்டார். அவ்வாண்டு செப்டம்பரில் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் இம்மூவரும் கையொப்பமிட்டுள்ளனர். அதன் இறுதிப் பகுதி, ஒவ்வொரு மாகாணத்திலும் கல்வி மானியத்திலிருந்து தாழ்த்தப்பட்டோர் கல்விக்கெனப் போதுமான தொகையை ஒதுக்கவேண்டும் என்று கூறுகின்றது. தொகுதி பற்றி முரண்பட்டவர்கள் பள்ளியின் வாசலில் ஒன்றுகூடினார்கள். நம் சங்கங்களில் பூசல் எழும்போதெல்லாம் இதனை நினைவிற் கொள்வது நன்று.

பதவி மட்டும் போதுமா?

சட்டம் பதவியை அளிக்கலாம். ஏற்பை அளித்துவிட முடியாது என்பதையும் நம் மண் கண்டது. மதுரை மாவட்டத்து மேலவளவு ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997 ஜூன் 30 அன்று மேலும் ஐவருடன் படுகொலை செய்யப்பட்டார். நம் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலிலும், மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களிலும், தலைவர் பதவி நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட காரணத்தாலேயே பத்தாண்டுக் காலம் முறையான ஊராட்சித் தலைமை அமையவிடாமல் தடுக்கப்பட்டது. 2006-இல்தான் அங்கே தேர்தல் ஒழுங்காக நடந்தது. வேபர் கூறிய சட்டத்தின் அதிகாரமும் மரபின் அதிகாரமும் மோதிய களம் இது. நூல்களில் தலைமைப் பாணி என்று எழுதப்படுவது, நம் மக்களுக்கு உயிரைப் பணயம் வைக்கும் செயலாகவும் இருந்திருக்கின்றது. அத்தகைய களத்தில் தனி ஒருவரை மட்டும் முன்னிறுத்துவது அவரைத் தனியே விட்டுவிடுவதாகும். பலரும் படித்து, பலரும் பொறுப்பேற்று, ஒருவர் பின் ஒருவர் எழுந்து நிற்கும் நிலை வேண்டும்.

பாதித் தலைமை எங்கே?

இவ்விடத்தில் நம் குறையொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்னை மீனாம்பாள் சிவராஜ் 1944-இலேயே சென்னையில் கூடிய தாழ்த்தப்பட்டோர் கூட்டமைப்பின் மகளிர் மாநாட்டிற்குத் தலைமை ஏற்றார். அதற்குப் பின் எத்தனையோ ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் நம் கல்விச் சங்கங்களின் மேடைகளில் பெண்கள் எத்தனை பேர் அமர்ந்திருக்கின்றனர்? பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதற்காகத் தன் கூலியில் ஒரு பகுதியை ஒதுக்கியவள் தாய். அவளைக் கூட்டத்தின் பின்வரிசையில் அமர்த்திவிட்டுத் தலைமை பற்றிப் பேசுவது பொருந்தாது. ஊர் நமக்கு மறுத்த இருக்கையை நாம் நம் வீட்டாருக்கே மறுத்தல் தகுமா?

மறுகால் பாயட்டும்

இவ்வாராய்ச்சியிலிருந்து நாம் பெறும் முடிவு எளியது. தலைவரின் புகழ் தலைமைக்கு அளவுகோல் ஆகாது. அவர் இல்லாத நாளில் பள்ளி மணி அடிக்கின்றதா என்பதே அளவுகோல். ஆகவே கணக்கைக் கூட்டத்தார் அனைவரும் கேட்கப் படித்துக் காட்டும் வழக்கம் வேண்டும். பொறுப்புகள் காலவரையறையோடு கைமாற வேண்டும். இச்சங்கத்தால் படித்து உயர்ந்தவர்கள் ஆண்டுக்கொரு முறை மாலை வாங்க வருவதோடு அமையாமல், வாரத்துக்கொரு மாலையேனும் நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வரவேண்டும். மூத்தோர் இருக்கும்போதே இளையோர் தவறு செய்து கற்றுக்கொள்ள இடமளிக்க வேண்டும்.

நிறைந்த கண்மாய் தன் நீரைத் தானே வைத்துக்கொள்வதில்லை. மறுகால் பாய்ந்து கீழுள்ள கண்மாயை நிரப்புகின்றது. அது நிறைந்தபின் அதற்கும் கீழுள்ளதை நிரப்புகின்றது. மறுகாலை அடைத்துத் தன் நீர் முழுவதையும் தேக்க முயலும் கண்மாயின் கரை உடையும். இதனை நம் பாட்டனாராகிய நீர்பாய்ச்சி எந்த நூலையும் படிக்காமலே அறிந்திருந்தார். அவரைத் தலைவர் என்று அழைக்க மறந்த காலம் போயிற்று. அவர் கற்றுத் தந்த பாடத்தை மறவாத சங்கமாக நம் சங்கம் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளிலும் நடைபோடுமாக.