பிரேக் இல்லாத பைக்கும் சோழவரத்து ஓடுபாதையும்

மகனுக்குப் போன மாசம் 17 முடிந்தது. இந்த ஊரில் 17 ஆகிவிட்டால் ஒரு நாள் பயிற்சி எடுத்துவிட்டு, 'எல்' போர்டு மாட்டிக்கொண்டு 125 சிசி பைக் ஓட்டலாம். பயல் கேக் வெட்டுவதற்கு முன்னாலேயே மனுவைக் கொடுத்துவிட்டான். தங்கமணி அந்த இடத்திலேயே மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார். நான் வங்கி ஆள் இல்லையா, "பரிசீலனையில் உள்ளது" என்று சொல்லி ஃபைலை என் மேசையில் வைத்துக்கொண்டேன்.

பரிசீலனையின் ஒரு பகுதியாகத்தான் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அவனைப் பெல் வ்யூ ஸ்பீட்வே மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மான்செஸ்டருக்கு வந்து 11 வருஷம் ஆகிறது. கால்பந்து மைதானம் இரண்டுக்கும் விருந்தாளிகளைக் கூட்டிப்போய் அலுத்துவிட்டது. இங்கே மட்டும் எட்டிப் பார்த்ததே இல்லை.

ஸ்பீட்வே பார்க்காதவர்களுக்காக: முட்டை வடிவத்தில் ஒரு தளம், மேலே பொடிக்கல் பரப்பியிருப்பார்கள். நாலு பேர், நாலு சுற்று, இடப்பக்கமாக மட்டுமே திரும்ப வேண்டும். முதலில் வந்தால் 3 புள்ளி, அடுத்து 2, அப்புறம் 1, கடைசிக்கு ஒன்றுமில்லை. 500 சிசி வண்டி, ஒரே கியர், பெட்ரோலுக்குப் பதில் மெத்தனால். பிரேக் கிடையாது. நிஜமாகவே கிடையாது! வளைவில் பின் சக்கரத்தை வெளிப்பக்கம் சறுக்கவிட்டு, இடது காலைத் தரையில் ஊன்றி, சாய்ந்தபடியே திரும்புகிறார்கள். ஒரு பந்தயம் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

எங்களுக்குப் பக்கத்து சீட்டில் 85 வயசிருக்கும் ஒரு பெரியவர். கையில் பென்சில், மடியில் புள்ளி எழுதும் அட்டை. மகன் கேட்ட கேள்விக்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்னவர், "இதெல்லாம் கூட்டமா? போர் முடிந்த அடுத்த வருஷம் என் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தேன். அதுதான் கூட்டம்" என்றார். வீட்டுக்கு வந்து அந்த 1946ஐத் தோண்ட ஆரம்பித்தேன். தூக்கம் போனதுதான் மிச்சம்.

ஆஸ்திரேலியாவில் வளர்ந்த இந்த விளையாட்டு 1928 பிப்ரவரியில் லண்டனுக்குப் பக்கத்தில் உள்ள ஹை பீச்சில் பெரிய அளவில் இறங்கியது. பத்தே வருஷத்தில் ஊருக்கு ஊர் தளம். 1939ல் போர் வந்ததும் லீக் பாதியில் நின்றது. பெல் வ்யூவில் மட்டும் போர்க்காலத்திலும் பந்தயம் நடந்துகொண்டே இருந்தது.

1946ல் லீக்கை மறுபடி தொடங்கும்போது மேல் பிரிவில் மொத்தமே ஆறு அணிகள். வெம்பிளி, வெஸ்ட் ஹாம், நியூ கிராஸ், விம்பிள்டன் என்று லண்டன் பக்கம் நாலு. வடக்கே பெல் வ்யூவும் பிராட்ஃபோர்டும். போர் முடிந்து வந்த ஆட்டக்காரர்களை எல்லாம் ஒரே பட்டியலில் போட்டு, தரம் பிரித்து, ஆறு அணிகளுக்கும் பங்கு வைத்தார்கள். எந்த அணியும் ஒரேயடியாக ஓங்கிவிடக் கூடாது என்ற கணக்கு. ஏலம் இல்லாத ஐபிஎல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பங்கீட்டில் பெல் வ்யூவின் நட்சத்திரம் பில் கிச்சன் வெம்பிளிக்குப் போய் அங்கே கேப்டன் ஆனார். வருஷக் கடைசியில் வெம்பிளி முதலிடம், பெல் வ்யூ இரண்டாமிடம்! எங்கள் பெரியவர் இதைச் சொல்லும்போது நேற்று நடந்த மாதிரி முகம் சுருங்கியது. (அதே வருஷம் நேஷனல் டிராஃபியைப் பெல் வ்யூதான் வாங்கியது என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டார்.) 1946ல் இருந்து 1953 வரை எட்டு சீசன். அதில் ஏழு வெம்பிளிக்கு. 1948 மட்டும் நியூ கிராஸுக்கு.

எதற்காக அத்தனை பேர் போனார்கள்? அன்றைய பிரிட்டனில் ரொட்டியிலிருந்து துணி வரைக்கும் ரேஷன். கார் வைத்திருந்தவனுக்கும் பெட்ரோல் அளந்துதான் கிடைத்தது. அந்தக் கட்டுப்பாடு 1950 மே மாசம்தான் போனது. வீட்டில் டிவி இல்லை. ஆறு வருஷம் குண்டுச் சத்தம் கேட்ட ஜனம். கையில் கொஞ்சம் சம்பளப் பணம் இருக்கிறது, செலவழிக்கக் கடையில் சாமான் இல்லை. மில் வேலைக்காரனுக்கு அன்றைக்கு வேகம் என்ற ஒன்று கிடைத்த இடம் அந்த மைதானம்தான். 1949ல் உலகச் சாம்பியன் போட்டியை மறுபடி நடத்தியபோது வெம்பிளி மைதானம் நிரம்பியது. ஜெயித்தவர் உள்ளூர் ஆள், டாமி பிரைஸ்.

பிறகு சரிந்தது. வசூலில் கிட்டத்தட்ட பாதியைக் கேளிக்கை வரியாகப் பிடுங்கினார்கள். (நம்ம ஊர் தியேட்டர்காரர்களுக்குப் புரியும்.) டிவி வந்தது. கடைகளில் சாமான் வந்தது. 1953 சீசன் நடுவிலேயே நியூ கிராஸ் கதவைச் சாத்தியது. 1956க்குப் பிறகு வெம்பிளியும் லீக்கில் இல்லை. அணிகள் குறைந்து 1957ல் இரண்டு பிரிவையும் சேர்த்து ஒரே லீக்காக ஓட்டினார்கள்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது சோழவரம்.

கொசுவத்தியைச் சுற்றிவிடுகிறேன். நான் பிறந்து வளர்ந்தது வண்டிப்பெரியாரில், எஸ்டேட் லயத்தில். அப்பா தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். ரோலர், டிரையர் என்று எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தாத்தா காலத்தில் வெள்ளைக்காரத் துரை வைத்திருந்த பிஎஸ்ஏ மோட்டார் சைக்கிளைத் துடைத்து வைப்பது எங்கள் வீட்டு வேலை. அதில் ஏறி உட்காரும் உரிமை மட்டும் கிடையாது.

சித்தப்பா மெட்ராஸில் ஒரு லேத் பட்டறையில் இருந்தார். அவர் தயவில் அப்பா எழுபதுகளில் இரண்டு தடவை சோழவரம் ரேஸ் பார்த்திருக்கிறார். குமுளி, கம்பம் வழியாக மதுரைக்குப் பஸ். அங்கிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸ். பாரிமுனையில் பஸ் பிடித்தால் செங்குன்றம் தாண்டி சோழவரம்.

சோழவரம் தளமும் போர் விட்டுப்போன சொத்துதான். இரண்டாம் உலகப் போரில் விமானங்களுக்காகப் போட்ட ஓடுபாதை. சண்டை முடிந்ததும் சும்மா கிடந்தது. இங்கே பிரிட்டனிலும் இதே கதை. 1948ல் கிராண்ட் ப்ரீ நடந்த சில்வர்ஸ்டோன் ஒரு பழைய விமானப் படைத் தளம்தான். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ல் உருவானது. அந்தக் கிளப்பும் ஐம்பதுகளிலேயே சோழவரத்து ஓடுபாதையைப் பந்தயத் தளமாக்கிக்கொண்டது. எண்பதுகளின் கடைசி வரை வருஷா வருஷம் திருவிழா மாதிரி நடந்தது.

ராஜ வம்சத்தார், தொழிலதிபர்கள் வெளிநாட்டுக் கார்களில் வந்தார்கள். விஜய் மல்லையாகூட எண்பதுகளில் ஒரு பழைய ஃபார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து ஓட்டினார். ஆனால் அப்பா அந்தக் கார்களைப் பற்றி அதிகம் பேசியதில்லை. அவர் பேசினது புல்லட்டும் ஜாவாவும் லாம்பிரட்டாவும் ஓடிய பந்தயங்களைப் பற்றி. புல்லட் திருவொற்றியூரில் செய்தது, ஜாவா மைசூரில் செய்தது. ஆபீசுக்குப் போகிற அதே வண்டி. முன் விளக்கைக் கழற்றி, மட்கார்டைக் கழற்றி, சைலன்சரை மாற்றி ஓட்டுவார்களாம். வெளிநாட்டிலிருந்து உதிரி பாகம் இறக்க முடியாத காலம். பிஸ்டனா, கேமா, எதுவானாலும் பட்டறையில் கடைந்துதான் ஆக வேண்டும். சித்தப்பா கடைந்த ஒரு சாமான் ஒரு வண்டிக்குள்ளே ஓடியது என்று அப்பா நூறு தடவையாவது சொல்லியிருப்பார். அந்த வண்டி மூன்றாவது சுற்றிலேயே நின்றுவிட்டதை ஒரு தடவை மட்டும் சொன்னார் :-)

1946 மான்செஸ்டருக்கும் 1975 சோழவரத்துக்கும் என் கணக்கில் ஒரே வரவு செலவுதான். நம் ஊரில் அன்றைக்கு ஒரு ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள். மகன் பிறந்தபோது பதிந்த வண்டி அவன் பள்ளிக்கூடம் போகும்போது வரும். தனக்குக் கிடைக்காத வேகத்தை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க அத்தனை பேர் போனார்கள்.

பிறகு 1984ல் இந்த்-சுஸுகி, 1985ல் ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்எக்ஸ் 100. 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்புக்குச் சொந்தமாக, முறையான பாதுகாப்போடு தளம் வந்தது. பந்தயம் அங்கே போனது. சோழவரத்துக் கூட்டம் கூடவே போகவில்லை என்பது பழைய ரசிகர்களின் வருத்தம். எப்படிப் போகும்? வேகம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. தவணையில்.

அந்தத் தவணையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். நான் வங்கியில் சேர்ந்த புதிதில், என்னோடு பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் இருந்தவன் பைக் லோனுக்கு வந்தான். "நீயே ஃபாரத்தை நிரப்பிடுடா" என்றான். நிரப்பினேன். தவறில்லாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல். எட்டு மாசம் கழித்து, ஒரு ஜூலை மாச மழையில், குட்டிக்கானம் தாண்டி இறக்கத்தில் போய்விட்டான். இன்னொருவனோடு பந்தயம் என்று சொன்னார்கள். வண்டியில் பிரேக் இருந்தது. எதிரே பஸ்ஸும் இருந்தது.

என் மேல் யாரும் பழி சொல்லவில்லை. அவன் அம்மா மட்டும் மீதித் தவணை எவ்வளவு என்று என்னிடம்தான் கேட்டார்கள்.

ஸ்பீட்வேயிலும் சோழவரத்திலும் விழுந்தவர்கள் உண்டு, செத்தவர்களும் உண்டு. பாதுகாப்பான விளையாட்டு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே எதிரே யாரும் வருவதில்லை. எல்லோரும் ஒரே பக்கம் போகிறார்கள். விழுந்தால் தூக்க ஆம்புலன்ஸ் நிற்கிறது. ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். ரோட்டில் ஓட்டுகிற பையனுக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் வாட்ஸப்பில் பேசும்போது மகன் போனை வாங்கிக்கொண்டான். "தாத்தா, அந்த பைக்ல பிரேக்கே இல்ல." அப்பாவுக்கு 77 வயசு, காது கொஞ்சம் மந்தம். ஆனால் இது மட்டும் சுத்தமாகக் கேட்டுவிட்டது. "அப்ப எப்படிய்யா நிப்பாட்டுவாங்க? எஞ்சினைக் கட் பண்ணியா? டயர் தேஞ்சிராதா?" முக்கால் மணி நேரம். கிளட்ச், சங்கிலி, மெத்தனால் என்று இரண்டு பேரும் போட்டுத் தாக்கினார்கள். பயலின் தமிழ் திணறியது, விடவில்லை. அவர்கள் இரண்டு பேரும் சாப்பிட்டாயா, படிக்கிறாயா தாண்டிப் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஃபைலில் என் குறிப்பு இது: பைக் இப்போது இல்லை. 19 முடியட்டும், கார் லைசென்ஸ் முதலில். அதுவரைக்கும் சீசனில் மாசம் ஒரு திங்கட்கிழமை பெல் வ்யூ, டிக்கெட் என் செலவு. அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது, பந்தயம் இருக்கிற வாரமாகப் பார்த்து, தாத்தாவையும் கூட்டிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டை.

தங்கமணி கையெழுத்துப் போட்டாயிற்று. விண்ணப்பதாரர் மேல்முறையீடு செய்திருக்கிறார்.