மௌனமான கம்பி

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருந்தெருவிலே, வயல்களின் நடுவே அமைந்த ஊர் முரசுமோட்டை. வன்னி ஊர்ப்பெயர்களிலே மோட்டை என்னும் ஈறு சிறு நீர்நிலையைக் குறிப்பதென்பர். முரசோ, செய்தியைத் தொலைவுக்கு அறிவித்த பழந்தமிழர் கருவி. நீரையும் செய்தியையும் ஒருங்கே பெயரிற் கொண்ட இவ்வூர் மக்கள், அவ்விரண்டும் ஒன்றையொன்று எத்துணை சார்ந்தவை என்பதை 2018ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே கண்ணாற் கண்டார்கள். அம்மாதத்தின் மூன்றாம் வாரத்திற் பெய்த பெருமழையினால் இரணைமடுக் குளம் நிரம்பி வழிந்தது. வான்கதவுகள் திறக்கப்பட்டன. குளத்துக்குக் கீழே கிடந்த கண்டாவளைப் பிரதேசத்தின் ஊர்கள் பல வெள்ளத்தில் மூழ்கின. கதவுகள் உரிய வேளையிலே திறக்கப்பட்டனவா என்ற வினா எழுந்தது, விசாரணையும் நடைபெற்றது.

குளத்து நீர் எத்தனை அடி உயர்ந்தது என்பதைக் கரையிலே நாட்டிய அளவுகோலைப் பார்த்து ஒருவர் சொல்லும் காலம் மாறி வருகின்றது. உள்ளங்கையளவான சிறு கணினிப் பலகை ஒன்றை நீர்மட்டம் அளக்கும் உணர்கருவியோடு பொருத்தி, கைத்தொலைபேசி அலைகளிற் செய்தி அனுப்பும் மோடம் ஒன்றையும் அதிற் செருகிவிட்டால், மனிதர் உறங்கும் வேளையிலும் அது நீர்மட்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். சிறு கணினியையும் மோடத்தையும் சேர்த்து வைப்பது யு. எஸ். பி. என்னும் இணைப்பு. இடர்ப்பாடு இவ்விடத்திலேதான் தொடங்குகின்றது. நான்கு நாள் ஒழுங்காகப் பேசிய கருவி ஐந்தாம் நாளிரவு காரணமின்றி வாய்மூடிவிடும். அணைத்து மீண்டும் ஏற்றினாற் பேசும்; பின்னரும் வாய்மூடும். கருவியை நாட்டியவர் தொலைபேசிக் கம்பனியைக் குறைகூறுவார். கம்பனி கருவியைக் குறைகூறும். கருவியை விற்றவரோ அதனைக் கையாண்டவரைக் குறைகூறுவார். கம்பி வழியே செய்தி செல்லத் தொடங்கிய காலத்திலேயே தொடங்கிய பழைய வழக்கு இது.

இலங்கையிலே கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்தி ஓடத் தொடங்கியது 1858ஆம் ஆண்டில். மன்னார்க் கடல் வழியே இந்தியாவுடன் தந்தித் தொடர்பு ஏற்பட்டதும் அவ்வாண்டிலேயே. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே அயர்லாந்துக்கும் நியூபவுண்ட்லாந்துக்கும் இடையே அத்திலாந்திக் கடலின் அடியிற் கம்பி போடப்பட்டது. விக்டோரியா மகாராணியார் அமெரிக்க சனாதிபதி புக்கானனுக்கு விடுத்த 98 சொற் செய்தி போய்ச் சேர ஏறத்தாழ 16 மணித்தியாலம் ஆயிற்று. அமெரிக்க நகரங்களில் வாணவேடிக்கை நடந்தது. ஆனால் கம்பியின் குரல் நாளுக்கு நாள் தேய்ந்தது. மின்பொறுப்பில் இருந்த வைட்ஹவுஸ் என்பவர் முன்னர் மருத்துவராக இருந்தவர். குரல் தேய்ந்தால் உரக்கக் கத்தவேண்டும் என்பது அவர் கொள்கை போலும்! ஏறத்தாழ 2,000 வோல்ற்று அழுத்தத்தைக் கம்பியிலே செலுத்தினார். செப்டெம்பர் மாதத் தொடக்கத்திற் கம்பி முற்றாக அடங்கியது. பின்னாளிற் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தொம்சன் அவருக்கு நேர்மாறான வழியிற் சென்றவர். மிக நுண்ணிய மின்னோட்டத்தையும் ஓர் ஒளிப்புள்ளியின் அசைவாகக் காட்டும் கண்ணாடிக் கல்வனோமானியை அவர் அமைத்தார். கத்துவதை விடுத்து, கூர்ந்து கேட்கும் வழி அது. ஆயினும் பழி முழுவதையும் வைட்ஹவுசின் தலையிற் சுமத்துவது முறையன்று. அக்கம்பி செய்யப்பட்ட விதத்திலும், கடலில் இறக்குமுன் வெயிலிற் கிடத்தப்பட்ட விதத்திலும் பழுதுகள் இருந்தமையைப் பின்னர் நடந்த விசாரணை வெளிப்படுத்தியது.

பழி சுமத்துதல் எத்தகைய அநீதிக்கு இட்டுச்செல்லும் என்பதை 1865ஆம் ஆண்டு நிகழ்ச்சி இன்னும் தெளிவாகக் காட்டும். அவ்வாண்டு யூலை மாதத்திலே, அந்நாளில் உலகின் மிகப் பெரிய கப்பலாக விளங்கிய கிரேட் ஈஸ்டர்ன், அயர்லாந்தின் வலென்சியாத் தீவிலிருந்து புதிய கம்பியைப் போட்டுக்கொண்டு மேற்கே சென்றது. புறப்பட்ட மறுநாளே கருவி பழுதைக் காட்டிற்று. போட்ட கம்பியை மைல் மைலாக மீண்டும் இழுத்துப் பார்த்தபோது, சிறு இரும்புக்கம்பித் துண்டொன்று மேலுறையைத் துளைத்து உள்ளே செப்புவரை பாய்ந்திருந்தது. தற்செயல் என்று விட்டுவிட்டனர். சில நாட் கழித்து அதே பழுது. அதே விதமான இரும்புத் துண்டு. இரண்டு முறையும் கம்பி சுருண்டு கிடந்த தொட்டியிலே வேலை செய்தவர்கள் ஒரே தொழிலாளர் குழுவினர். இதற்கு மேற் சான்று எதற்கு? யாரோ வேண்டுமென்றே ஆணியடிப்பதுபோல அடித்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினர். கப்பலில் வந்த கனவான்கள் முறைவைத்துத் தொட்டிக்குள் இறங்கித் தொழிலாளரைக் காவல் காத்தனர். அத்தொழிலாளர் அந்நாள்களை எவ்வாறு கழித்தனர் என்பதை வரலாற்று நூல்கள் மிகுதியாகச் சொல்வதில்லை.

ஓகஸ்ட் 2ஆம் நாள் மூன்றாம் பழுது தோன்றிற்று. அப்போது தொட்டியிற் காவலிருந்தவர் கனவான்களுள் ஒருவரே. கம்பி ஓடுகையிலே உராயும் ஓசை கேட்டது. இரும்புத் துண்டொன்று போகிறது என்று ஒருவர் கூவியும் அக்குரல் மேற்றளத்தை எட்டவில்லை. பின்னர் தொட்டியை ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. கம்பியைக் காக்கவென்று வெளியே சுற்றப்பட்டிருந்த இரும்புக் கவசமே சிற்சில இடங்களிலே நொறுங்கும் தன்மையுடையதாய் இருந்தது. அது தானே முறிந்து, மேலே கிடந்த பாரத்தினால் அடுத்த சுற்றுக்குள் பாய்ந்திருந்தது. குற்றவாளி எவருமில்லை. காவலாய் வைத்த பொருளே ஊறு செய்தது. அன்றே கம்பியை மீட்க முயல்கையில் அது அறுந்து, ஏறத்தாழ 2,000 பாகம் ஆழத்திலே மறைந்தது.

இத்தகைய தோல்விகளிலிருந்து ஒரு கலை பிறந்தது. கரையிலிருந்தபடியே, கடலுக்குள் எத்தனையாவது மைலிலே பழுது உள்ளதெனக் கணிக்கும் கலை அது. ஒரு மைல் நீளக் கம்பி மின்னோட்டத்துக்கு எவ்வளவு தடை தரும் என்பது முன்னரே அளக்கப்பட்டிருக்கும். பழுதுற்ற கம்பியின் தடையை வீற்ஸ்டன் பாலம் என்னும் சமன்செய் கருவியால் அளந்து, ஒரு மைலின் தடையால் வகுத்தாற் பழுதின் தூரம் தெரியவரும். கசிவிலும் தடை உண்டாதலாற் கணக்கு இத்துணை எளிதன்று. அதனைக் கழித்தறியும் முறைகளை வார்லி, மறே முதலியோர் வகுத்தனர். அனுமானம் நின்று அளவை வந்தது.

இனி, இக்காலத்துக் குறுங்கம்பியைப் பார்ப்போம். யு. எஸ். பி. இணைப்பின் முதலாவது விதிமுறை 1996ஆம் ஆண்டு சனவரியிலே வெளியாயிற்று. ஏழு கம்பனிகள் கூடி அமைத்த அவ்விதிமுறையை உருவாக்குவதில் முன்னின்றவருள் ஒருவர், பரோடாப் பல்கலைக்கழகத்திலே பயின்று அமெரிக்காவின் இன்டெல் நிறுவனத்திற் பணியாற்றிய அஜய் பட். கணினியின் பின்புறத்திலே ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு வகையான துளை இருந்த தொல்லையை ஒழித்து, எல்லாவற்றுக்கும் ஒரே துளை போதும் என்று செய்தமை பெருஞ்சாதனை. தொடக்கத்தில் அதனுள்ளே நான்கே கம்பிகள். இரண்டு 5 வோல்ற்று மின்சாரத்தைச் சுமக்கும். முறுக்கிய மற்ற இரண்டும் செய்தியைச் சுமக்கும். உணவும் பேச்சும் ஒரே வழியாற் செல்வதே அதன் சிறப்பு. அதன் நோயும் அதுவே.

2000ஆம் ஆண்டின் இரண்டாம் விதிமுறைப்படி, செருகப்பட்ட கருவி முதலில் 100 மில்லியம்பியர் மின்னோட்டம் பெறலாம். அனுமதி கிடைத்தபின் 500 வரை பெறலாம். அலைக்கோபுரம் அருகில் இருந்தால் மோடம் மெல்லப் பேசும். கோபுரம் தொலைவில் இருந்தாலோ உரத்த குரலிற் பேசவேண்டியிருக்கும். அப்போது மின்னோட்டம் ஏறும். மெலிந்த கம்பியின் ஊடே மின்னோட்டம் ஏற, 5 வோல்ற்று குறைந்து 4¾க்கும் கீழே செல்லும். மோடம் ஒரு நொடி மயங்கி, மீண்டும் விழிக்கும். விழித்தபோது கணினி அதனைப் புதியதொரு கருவி என்று எண்ணிப் புதிய பெயரைச் சூட்டிவிடுவதும் உண்டு. செய்தி அனுப்பும் நிரலோ பழைய பெயரையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். இருவரும் ஒரே வீட்டில் இருந்தும் ஒருவரையொருவர் காணார். வேறு சில மோடங்கள் செருகியவுடன் தம்மை மோடம் என்று சொல்லாமல், நிரல் அடங்கிய இறுவட்டு என்று சொல்லிக்கொள்ளும். வேடத்தைக் களையுமாறு கட்டளையிட்டாலன்றி அவை தொழில் செய்யா. மின்சாரத்தைச் சேமிக்கவேண்டி, சோம்பியிருக்கும் கருவியைக் கணினியே உறங்கச் செய்வதும், எழுப்பும்போது கருவி எழாமற் போவதும் இன்னொரு வகை.

வன்னி மக்களுக்கு இக்குறைகள் வெறும் நூற்செய்தி அல்ல. 1990ஆம் ஆண்டுக்குப் பின் வன்னிப் பெருநிலப்பரப்பு தொலைபேசியும் மின்சாரமும் இன்றிக் கழித்த ஆண்டுகள் பல. 2009 சனவரியிலே போர்முனை பரந்தனைத் தாண்டி முல்லைத்தீவுத் தெரு வழியே கிழக்கே நகர்ந்தபோது, தெருவோரத்து ஊர்கள் வெறுமையாயின. போர் முடிந்து மீள்குடியேறியவர்களுட் பலருக்குப் பிள்ளைகளும் உடன்பிறந்தாரும் கடல்கடந்த நாடுகளில் இருந்தனர். கம்பித் தொலைபேசி வராத இடங்களிலே அவர்களை இணையத்திற் சேர்த்தது மடிக்கணினியிற் செருகிய டொங்கிள் என்னும் அச்சிறு மோடமே. பேச்சு நடுவிலே அறுந்தால், மறுமுனையில் இருப்பவர் என்ன நினைப்பார் என்ற கவலை அவர்களுக்கு இருந்தது.

1865ஆம் ஆண்டுக் கதைக்கு இணையான கதை சிறு கணினிப் பலகைகளின் வரலாற்றிலும் உண்டு. கேம்பிரிட்ஜிலே எபன் அப்டன் முதலியோர் மாணவருக்கென உருவாக்கிய ராஸ்பெரி பை 2012 பெப்ரவரி 29ஆம் நாள் விற்பனைக்கு வந்தது. விலை 35 டொலர். மலிவு கருதி, வலைக்கம்பியைச் செருகும் துளையும் உள்ளே யு. எஸ். பி. வழியாகவே இணைக்கப்பட்டிருந்தது. விரைவில் முறைப்பாடுகள் எழுந்தன. வலைத்தொடர்பு அறுகிறது, விசைப்பலகையில் ஒருமுறை தட்டிய எழுத்து பலமுறை வருகிறது. மலிவான மின்னூட்டியை வாங்கியவர்மீதே முதலிற் குற்றம் சாட்டப்பட்டது. அது ஓரளவு உண்மையே. மெலிந்த கம்பியில் வந்த மின்சாரம் போதாமையும் இருந்தது; துளைகளைக் காக்கவென்று வைத்த 140 மில்லியம்பியர் உருகிகள் தாமே மின்னழுத்தத்தைக் குறைத்ததும் இருந்தது. கிரேட் ஈஸ்டர்னின் இரும்புக் கவசத்தைப் போன்றவை அவை, அவ்வாண்டிலேயே நீக்கப்பட்டன.

நல்ல மின்னூட்டி வைத்தவர்க்கும் தொல்லை முற்றாகத் தீரவில்லை. காரணம் இன்னும் ஆழத்திலே கிடந்தது. யு. எஸ். பி. விரைவு முறையிலே நொடிக்கு 8,000 முறை தாளம் விழும். அப்பலகையின் சில்லோ, தாளத்துக்கேற்பச் செய்யவேண்டிய வேலைகளுட் பலவற்றை நிரலின் கையில் விட்டிருந்தது. வேறு வேலையில் நிரல் ஒரு கணம் தாமதித்தாற் தாளம் தவறும். மெதுவான கருவிக்கு உரிய செய்தி காணாமற்போகும். 2013, 2014 ஆகிய ஆண்டுகளிலே, எவ்வேலையையும் இடைநிறுத்தி முந்திச் செல்லும் உரிமையை அந்நிரற்பகுதிக்கு அளித்த பின்னரே நிலைமை சீர்ப்பட்டது. 2019ஆம் ஆண்டு வெளியான நான்காம் பலகையில் வலைத்துளை யு. எஸ். பி.யின் வழியை விட்டுத் தனிவழி பெற்றது.

இத்தகைய பழுதைத் தேடும் முறையை இரணைமடு நீரில் வயல் செய்வோருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால், கமக்காரர் முதலிலே குளத்தை வைது பயனில்லை என்பதை அறிவார். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்கால் வழியே மேல்நோக்கி நடப்பார், ஒவ்வொரு கிளையிலும் நின்று பார்ப்பார், துரிசுவரை செல்வார். நீர் இருக்கும் இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் நடுவிலேதான் உடைப்பு இருக்கும். கருவியைச் சோதிப்பவரும் அவ்வாறே செய்தல் வேண்டும். கணினி தன்னுள்ளே நொடிதோறும் எழுதும் பதிவேட்டை முதலில் வாசிக்கவேண்டும். மோடம் நீங்கிற்று என்று அங்கே எழுதப்பட்டிருந்தால் கோபுரத்தில் தேடுவது வீண். மின்சாரத்திலோ கம்பியிலோ தேடவேண்டும். நீங்கியதாக எழுத்தில்லையெனில், மோடம் அங்கேயே இருக்கிறது, கோபுரத்தோடு பேச்சுத்தான் அறுந்தது என்று கொள்ள இடமுண்டு. அதன்பின் கம்பியை மாற்றிப் பார்க்கலாம். மோடத்துக்குத் தனி மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம். ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுதல் வேண்டும். மூன்றையும் ஒருங்கே மாற்றிப் பழுது தீர்ந்துவிட்டால், எது பழுது என்பது என்றும் தெரியாமற் போகும்.

நீர்மட்டம் சொல்லும் கருவியைப் பொறுத்தவரை அறுபடும் தொடர்பின் பெருந்தீங்கு வேறொன்று. தொடர்பே இல்லாவிடில் குளக்கட்டுக்கு ஓர் ஆள் போய்ப் பார்த்து வருவார். தொடர்பு இருக்கிறது என்று நம்பியிருக்கும்போது செய்தி வராவிட்டால், நீர் உயரவில்லை என்று எண்ணிக் கீழே இருக்கும் ஊர் உறங்கிவிடும். ஆகவே சொல்லத்தக்க செய்தி எதுவும் இல்லாதபோதும், குறித்த இடைவேளைக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று கருவி சொல்லவேண்டும். அச்சொல் தவறினாலே மறுமுனையில் மணி அடிக்கவேண்டும் என்று அமைப்பது இன்றைய வழக்கம்.

மௌனத்தைக் காவல் காத்தவர் முன்னரும் இருந்தனர். 1865இல் அறுந்து மறைந்த கம்பியின் ஒரு முனை வலென்சியாவின் கரையிலே கருவியோடு இணைக்கப்பட்டே இருந்தது. ஓராண்டுக்கு மேலாக, இரவும் பகலும், முறைவைத்து ஒருவர் இருண்ட அறையிலே அமர்ந்து தொம்சனின் ஒளிப்புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1866ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத் தொடக்கத்திலே, கிரேட் ஈஸ்டர்ன் நடுக்கடலிற் கம்பியைக் கொளுவி மேலே இழுத்துக் கருவியோடு சேர்த்தது. அன்று அதிகாலையிலே, வலென்சியாவின் அறையில் ஒளிப்புள்ளி அசைந்தது.