எண்களே ஊர்ப்பெயர்கள்: தண்டகாரண்யத்தில் நாமசூத்திரர்

ஒடிசாவின் மல்கான்கிரியில் எம்.வி. என்னும் எழுத்துகளோடும், சத்தீஸ்கரின் பகாஞ்சூர் வட்டாரத்தில் பி.வி. என்னும் எழுத்துகளோடும் எண் சேர்த்து அழைக்கப்படும் ஊர்கள் இன்றும் உள்ளன. மறுகுடியமர்வு அலுவலகம் கோப்பில் இட்ட வரிசை எண்ணே ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது. அவ்வூர்களில் வாழ்வோரில் பெரும்பாலோர் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த நாமசூத்திரர் என்னும் தலித் மக்கள்.

பிரிவினையையொட்டி முதலில் வந்த சாதி இந்துக்கள் பலர், உறவும் கல்வியும் துணைநிற்கக் கல்கத்தாவைச் சுற்றிக் குடியேறினர். 1950, 1964 கலவரங்களுக்குப் பின் வந்த தலித் உழவர்களுக்கும் மீனவர்களுக்கும் முகாம்களே கிடைத்தன. 1958இல் தொடங்கிய தண்டகாரண்யத் திட்டம் அவர்களை மத்திய இந்திய மேட்டுநிலத்துக்குக் கொண்டுசென்றது. (அதுவும் ஆளற்ற நிலமன்று, பழங்குடிகளின் காடு.) ஆறும் படகும் வலையும் நன்செய் நெல்லுமாக வாழ்ந்தவர்களின் தொழிலறிவுக்கு அந்த வறண்ட மண்ணில் வேலையில்லாமல் போயிற்று. ஹரிசந்த் தாக்கூர் வழிவந்த மதுவா சமயமும் அதன் முரசொலிக் கீர்த்தனையுமே உடன்வந்தன.

1978இல் பல்லாயிரவர் அங்கிருந்து வெளியேறி, சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பித் தீவில் தாமே பள்ளியும் சந்தையும் அமைத்துக் குடியேறினர். ஆற்றுப்படுகைக்குத் திரும்புதலே அவர்கள் கேட்ட மறுவாழ்வு. எதிர்க்கட்சியாக இருந்தபோது அவர்களை ஆதரித்த இடதுசாரிகளின் அரசே, வனப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, 1979 சனவரியில் தீவை முற்றுகையிட்டது. மே மாதம் குடிசைகளை அழித்து மக்களை அப்புறப்படுத்தியது. இறந்தோர் எண்ணிக்கை இன்றளவும் சர்ச்சைக்குரியது.

சட்டம் இழைத்த இழப்பு இதனினும் குறைவாகவே பேசப்படுகிறது. 'சண்டாளர்' என்ற இழிபெயரை நீக்கி, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'நாமசூத்திரர்' என்ற பெயரைப் போராடிப் பெற்ற சமூகம் இது. ஆனால் அரசமைப்பின் 341ஆம் உறுப்பின்படி பட்டியல் சாதி என்பது மாநிலந்தோறும் தனித்தனிப் பட்டியல். மேற்கு வங்கப் பட்டியலில் உள்ள அப்பெயர் சத்தீஸ்கர் பட்டியலில் இல்லை. ஆகவே இடஒதுக்கீடு மட்டுமன்றி, பட்டியல் சாதியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவர்களுக்கு எட்டாமற் போகிறது. இடம்பெயர்ந்தவர் தம் பட்டியல் தகுதியைப் புதிய மாநிலத்தில் கோர இயலாது என 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தாமே பிழைப்புத் தேடிச் சென்றவரையும், அரசே ஏற்றிச்சென்று இறக்கியவரையும் ஒரே தட்டில் வைப்பது முறையன்று என்பது என் கருத்து. பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்க நாடாளுமன்றச் சட்டம் வேண்டும். குடியமர்த்திய அரசு அதனையும் சேர்த்தே செய்திருக்க வேண்டும்.