கூலஞ்ஜும் குடற்கவலையும்

ஹிஜ்ரி 428-ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 1037-இல், ஹமதான் நகரில் மருத்துவர் ஒருவர் வயிற்று நோயால் மாண்டார். 'அல்கானூன் பித்திப்' எனும் ஐம்பாகப் பெருநூலை யாத்த இப்னு சீனாவே அவர். அவரைப் பற்றிய நோயை அரபியர் 'கூலஞ்ஜ்' என்றனர். பெருங்குடலைச் சுட்டும் கிரேக்கச் சொல்லினின்று வந்த பெயர் அது. அந்நோய் பற்றித் தனி நூலே எழுதியவர் அவர். அவருக்கு முன்னரே அர்ராஸியும் ஒன்று எழுதியிருந்தார்.

மாணவர் அல்ஜூஸ்ஜானி விட்டுச் சென்ற குறிப்பு ஊன்றிப் படிக்கத் தக்கது. போர்ப் பயணத்தின் இடையே நோய் கண்டது. படை பின்வாங்க நேர்ந்தால் தம்மால் உடன்செல்ல இயலாதே என்ற அச்சம் இப்னு சீனாவை வாட்டிற்று. விரைந்து தேறும்பொருட்டு ஒரே நாளில் எட்டு முறை எனிமா ஏற்றிக்கொண்டார், குடல் புண்பட்டது. அதன்பின் நோய் தணிவதும் தலைதூக்குவதுமாகவே இருந்தது. அவருக்கிருந்தது நாம் மேலே பேசப்போகும் நோய் அன்று. எனினும் நோவைவிட அவசரமே அவருக்குக் கேடு செய்தது எனத் தோன்றுகிறது.

உடலுக்கும் உள்ளத்துக்குமுள்ள இத்தொடர்பை அவருக்கு முன்பே நூலாக்கியவர் அபூஸைத் அல்பல்கீ (இறப்பு 934). அவருடைய 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்புஸ்' உடல் நலத்துக்கு ஒரு பகுதி, உள்ள நலத்துக்கு ஒரு பகுதி என அமைந்தது. மருத்துவர்கள் பின்னதைப் புறக்கணிப்பதை அவர் குறையாகவே சொல்கிறார். நெடுங்காலம் சுவடியில் உறங்கிய அந்நூலின் நிழற்படப் பதிப்பைப் புவாத் செஸ்கின் 1984-இல் பிராங்க்பர்ட்டில் வெளியிட்டார்.

மேலைநாட்டார் இதைக் கண்ணாற் கண்டது தற்செயலாக. 1822-இல் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து வயிற்றில் ஆறாத் துளை விழுந்த ஒருவரின் இரைப்பையை பியூமான்ட் என்னும் அமெரிக்க மருத்துவர் ஆண்டுக்கணக்கில் நோக்கினார். சினத்தால் செரிமானம் கெடுவதை 1833-இல் நூலில் பதித்தார். 1962-இல் ஆக்ஸ்போர்டில் சவுத்ரி, டுரூலவ் எனும் இருவர் 130 நோயாளரை ஆராய்ந்து, எளிதில் சீண்டப்படும் குடல் பற்றி விரிவாக எழுதினர். குடலில் புண்ணுமில்லை, கட்டியுமில்லை. ஆயினும் வலி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல். குடலுக்கெனத் தனி நரம்பு வலை உண்டு; மூளையோடு அது ஓயாது பேசுகிறது. கவலை மிகுந்தால் குடலின் அசைவு மாறும், சிறு உப்பலும் வலியாகத் தெரியும்.

இந்நோய் மருத்துவ மாணவரிடையே மிகுதி. 2013-இல் வெளியான ஜித்தா ஆய்வொன்றில், மன்னர் அப்துல் அஸீஸ் பல்கலைக்கழக மருத்துவ மாணவரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரிடம் இது காணப்பட்டது. பதினாறு வயதிலேயே மருத்துவம் கற்ற இப்னு சீனா, அது கடினமான கலையன்று எனத் தம் வரலாற்றில் சொல்லிக்கொள்கிறார். நம் பிள்ளைகள் கேட்டால் பெருமூச்சு விடுவர்!

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986-இல் தோன்றியபின், ஓமலூர் வீடுகளுக்கு டாக்டர் படிப்பு ஒரு பஸ் பயணத் தொலைவில் வந்தது. நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி; அதற்கும் முன்னே நீட் தேர்வு. தேர்வுக் காலத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீடு வரும் பிள்ளையிடம், "ஸ்கேனில் ஒன்றுமில்லையே, பின்னென்ன?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. ஸ்கேனில் தெரியாததால் வலி பொய்யாகிவிடாது. இரத்தம் போனாலோ உடல் மெலிந்தாலோ அது வேறு நோயாகலாம். உடனே காட்ட வேண்டும். மற்றபடி உறக்கம், வேளைக்கு உணவு, மருத்துவர் தரும் மருந்து, மனம்விட்டுப் பேச ஓர் ஆள் ஆகியவற்றால் பெரும்பாலும் தணியும். வகுப்பில் இந்நோயின் இலக்கணத்தை எழுதிக்கொள்ளும் மாணவனுக்கே, அது தனக்கிருப்பதை வாய்திறந்து சொல்லக் கூச்சம்.