கடலூர் தந்த ஷாம்பு பாக்கெட்

ஷாம்பு பரவுவதற்கு முன் தமிழ்நாட்டில் தலைமுழுக்குக்கு நாள் கணக்கு உண்டு. ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும். நல்லெண்ணெய் தேய்த்து ஊறியபின் அதைப் போக்கச் சீயக்காய் வேண்டும்; கொங்கு வட்டாரத்தில் உசிலை இலையை உலர்த்தி இடித்த அரப்பு. சீயக்காயோடு வெந்தயம், பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு சேர்த்து மில்லில் அரைத்து, வடிகஞ்சியில் குழைத்துத் தேய்ப்பார்கள். அதிலுள்ள சபோனின் நுரைத்து எண்ணெயை எடுத்துவிடும். ஆனால் அரைக்க வேண்டும், ஊற வேண்டும், கண்ணில் பட்டால் எரியும்; அவசரக் குளியலுக்கு ஒத்துவராத பொருள்.

இந்துஸ்தான் லீவர் 1964இல் சன்சில்க் ஷாம்புவை இந்தியாவில் விற்கத் தொடங்கியது. அது பாட்டிலில் வந்தது. நகரத்து வசதியான வீடுகளைத் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை. தினக்கூலி வாங்குபவர் ஒரு மாதத்துக்கான ஷாம்புவை ஒரே நாளில் வாங்க முடியாது என்பதுதான் தடை.

அந்தத் தடையை உடைத்தவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். பணக்காரர் பயன்படுத்தும் பொருள் கூலித் தொழிலாளிக்கும் எட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. டால்கம் பவுடர் போன்ற பொருட்களை 1970களிலேயே சிறு பொட்டலங்களில் அடைத்து விற்றுப் பார்த்தார். அவர் மறைவுக்குப் பின் அவருடைய மகன்கள் கொண்டுவந்த வெல்வெட் ஷாம்பு, பாக்கெட்டின் வலிமையைச் சந்தைக்குக் காட்டியது. இந்தியச் சந்தையைப் பின்னாளில் ஆட்டிவைத்த இந்த யோசனை பன்னாட்டு நிறுவனம் எதிலும் பிறக்கவில்லை, கடலூரில் ஒரு குடும்பத் தொழிலில் பிறந்தது என்பது போதிய அளவு பேசப்படுவதில்லை.

மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து, 1983இல் 15,000 ரூபாய் முதலுடன் தனியே ஷாம்பு தயாரித்தார். அதற்கு வைத்த சிக் என்ற பெயர் தந்தையின் பெயரெழுத்துகளிலிருந்து எடுத்தது. அவர் கையாண்ட உத்திகளில் கெட்டிக்காரத்தனமானது காலி பாக்கெட் திட்டம். எந்த ஷாம்புவாயினும் ஐந்து காலி உறைகளைக் கொடுத்தால் ஒரு சிக் இலவசம். மக்கள் பழகியபின், சிக் உறைகளுக்கு மட்டுமே என்று மாற்றினார். கிராமங்களில் சிறுவர்களுக்குத் தலை அலசிக் காட்டி, கூடியிருந்தவர்களைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் சொன்னார்கள். பிறகு மல்லிகை, ரோஜா மணங்கள் வந்தன; விளம்பரத்தில் நடிகை அமலா வந்தார். 1999இல் 50 காசு பாக்கெட்டும் வந்தது. நிறுவனம் அதற்கு முந்தைய ஆண்டிலேயே கெவின்கேர் எனப் பெயர் மாற்றிக்கொண்டிருந்தது.

பெரிய நிறுவனங்களும் இதே வழிக்கு இறங்க வேண்டியதாயிற்று. பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்கிய ஒரு ரூபாய் பாக்கெட்டுகள் வழக்கமான வணிகக் கணக்கையே தலைகீழாக்கின. மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது பொது விதி. இங்கோ போட்டி காரணமாக, மில்லிக்கு மில்லி பார்த்தால் பாக்கெட்தான் பல நேரம் பாட்டிலைவிட மலிவு. வசதி கூடிய வீடுகளும் பாட்டிலுக்கு மாறாமல் பாக்கெட்டோடு நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தியாவில் ஷாம்பு விற்பனையின் பெரும்பகுதி இன்றும் பாக்கெட்டில்தான் நடக்கிறது. கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மை அறிஞர் சி.கே. பிரகலாத், ஏழைகளும் ஒரு சந்தையே என்று 2004இல் எழுதிய புகழ்பெற்ற நூலில் ஒரு முறைக்கான ஷாம்பு பாக்கெட்டையும் எடுத்துக்காட்டினார்.

சீயக்காய் இதனால் அழிந்துவிடவில்லை. மீரா போன்ற பெயர்களில் அதுவும் பொடியாகி, ஷாம்புவாகி, அதே சரங்களில் தொங்கியது. அரைக்கும் வேலைதான் வீட்டைவிட்டுப் போனது.

பாக்கெட்டின் மலிவுக்கான விலையை ஆறும் குளமும் கொடுக்கின்றன. பல அடுக்குப் படலத்தால் ஆன உறையைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். பழைய பொருள் வாங்குபவருக்கும் அதில் ஆதாயம் இல்லை. 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் குட்கா, புகையிலை, பான் மசாலா ஆகியவற்றுக்குப் பிளாஸ்டிக் பாக்கெட்டைத் தடை செய்தன. 2022 ஜூலையில் நாடு முழுவதும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை வந்தபோதும் ஷாம்பு பாக்கெட் அந்தப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை.